ஐம்பதா, நாற்பத்தெட்டா?
நாட்டெருமையின் கலத்துள் ஒரு பழங்கதை

எருமை மாட்டின் மேல் மழை பெய்தாற் போல என்று ஒருவனை ஏசுவது நம் நாட்டு வழக்கு. மந்தமானது, சேற்றை விரும்புவது, சொன்னதைக் கேளாதது என்று அவ்விலங்குக்கு நாம் சூட்டியிருக்கும் பட்டங்கள் பல. காளைக்கு வீரக் கதைகளிலே இடமுண்டு. பசுவுக்குத் தாலாட்டிலே இடமுண்டு. எருமைக்கோ வசைமொழியிலேதான் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

ஆயினும், கிழக்கிலங்கையின் வயல் வாழ்வை எருமையை விலக்கி எழுத எவராலும் இயலாது. இறக்காமம், சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீண்டு கிடக்கும் வட்டைகளில் நீர் பாய்ச்சிய நிலத்தை மிதித்துச் சேறாக்கியது எருமைப் பட்டி. அறுவடை முடிந்ததும் களத்திலே வட்டமாகச் சுற்றிச் சூடு மிதித்ததும் அதுவே. போடியார் ஒருவரின் செல்வத்தை அவருடைய வயலின் பரப்பைக் கொண்டு அளந்ததுபோலவே, அவருடைய குறி சுடப்பட்ட மாடுகளின் தொகையைக் கொண்டும் ஊர் அளந்தது. 1949ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நிலத்தின் முகத்தை மாற்றியது. பின்னர் உழவு இயந்திரம் வந்து மிதிப்பு எருமையின் வேலையைப் பறித்தது. இன்று பலருக்கு எருமை என்றதும் நினைவுக்கு வருவது சட்டித் தயிர் ஒன்றே.

இந்த எருமையைப் பற்றி அறிஞர் உலகில் நெடுநாளாக ஒரு வினா இருந்தது. இலங்கையின் நாட்டெருமை எந்தக் குலத்தைச் சேர்ந்தது? மேற்கே இந்தியாவின் எருமைகளுக்கு உறவா, கிழக்கே மலாயா, சயாம், பிலிப்பைன்ஸ் நாடுகளின் எருமைகளுக்கு உறவா? இவ்வினாவுக்கு விடை சொன்னது அதன் கொம்பும் அன்று, நிறமும் அன்று. கண்ணுக்குத் தெரியாத கலத்தினுள்ளே கிடந்த ஓர் எண் அவ்விடையைத் தந்தது. அந்த எண்ணின் பின்னால், விலங்கினங்கள் எவ்வாறு பிரிகின்றன, எவ்வாறு மாறுகின்றன என்ற பெரிய வரலாறு ஒன்று மறைந்திருக்கிறது. அதனை இங்கே சிறிது காண்போம்.

இரு குலத்து எருமைகள்

வீட்டெருமைகளை அறிஞர் இரு பெரும் பிரிவாக வகுப்பர். ஒன்று ஆற்றெருமை, மற்றொன்று சதுப்பெருமை. இந்தியாவின் பெரும்பகுதி, பாகிஸ்தான், மேற்காசியா, இத்தாலி ஆகிய நாடுகளில் உள்ளது ஆற்றெருமை. முர்ரா, சூர்த்தி, நீலி-ரவி முதலிய பெயர்பெற்ற பாலினங்கள் யாவும் இதைச் சேர்ந்தவை. தென்சீனம், இந்தோசீனம், தாய்லாந்து, மலேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளிலும், இந்தியாவின் வடகிழக்கு மூலையிலும் உள்ளது சதுப்பெருமை. அது பிறை போல விரிந்த கொம்புடையது. சேற்றிலே புரள்வதில் இன்பங் காண்பது. பால் குறைவு, உழைப்பு மிகுதி.

இனி நம் நாட்டெருமையைப் பாருங்கள். கொம்பு விரிந்தது, சேறு கண்டால் இறங்கிவிடும், பால் சொற்பம், வயல் வேலைக்கே வளர்க்கப்பட்டது. இவற்றையெல்லாம் கண்ட எவரும் அதனைச் சதுப்பெருமை என்றே சொல்லுவர். நூல்களும் அவ்வாறே சொல்லி வந்தன. தோற்றத்தை நம்பியோர் தோற்ற கதைகள் உயிரியலிலே பலவுண்டு. அவற்றுள் இதுவும் ஒன்று.

1977ஆம் ஆண்டிலே, அரிஃப் பொங்சோவும் அவரோடு பணியாற்றிய ஆய்வாளரும் இலங்கை நாட்டெருமையின் நிறமூர்த்தங்களை எண்ணி, அதன் முடிவை இலங்கையின் கால்நடை மருத்துவ இதழில் வெளியிட்டனர். பேராதனையில் கால்நடை மருத்துவம் பயின்ற இதே பொங்சோதான், 1994இல் சிங்கப்பூரிலே மனிதக் கருவினின்றும் குருத்துக் கலங்களைப் பிரித்தெடுத்து உலகப் புகழ் பெற்றவர். உலகம் அவரை மனிதக் கருவின் ஆராய்ச்சியாளராக அறியும். நம் நாட்டெருமையின் குலத்தைத் துலக்கியவரும் அவரே என்பதை அறிந்தோர் சிலரே.

சதுப்பெருமையின் கலத்திலுள்ள நிறமூர்த்தங்கள் 48. ஆற்றெருமையின் கலத்திலுள்ளவை 50. இலங்கை எருமையில் அவர்கள் கண்ட எண் 50. ஆகவே, உருவத்திலே கிழக்கத்தியச் சாயல் கொண்டிருந்த நம் எருமை, உள்ளே இந்திய எருமையின் உடன்பிறப்பு என்பது துலங்கிற்று.

எண்ணுவது எங்ஙனம்?

நிறமூர்த்தம் என்பது யாது? இந்தியத் தமிழர் குரோமோசோம் என்றே வழங்கும் இப்பொருள், கலத்தின் கருவினுள்ளே இருக்கும் நூலுருவான அமைப்பு. பரம்பரையலகுகள் வரிசை வரிசையாகக் கோக்கப்பட்ட மாலை என்று அதனை உருவகிக்கலாம். தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி என இவை இணை இணையாக அமைந்துள்ளன. ஒவ்வொரு மாலையிலும் ஓரிடத்திலே ஒரு முடிச்சு உண்டு. அதற்கு மையப்பாத்து என்று பெயர். கலம் பிரியும்போது நிறமூர்த்தத்தைப் பற்றி இழுப்பதற்கான கைப்பிடி அதுவே. முடிச்சு நடுவே இருந்தால் நிறமூர்த்தம் இரு புயங்களுடையதாய்த் தோன்றும். ஓரத்தில் இருந்தால் ஒரு புயமே தெரியும். மாலையின் இரு நுனிகளிலும் டீலோமியர் என்னும் காப்பு உறைகள் உண்டு. அவை இருக்கும் வரை ஒரு மாலையின் நுனி மற்றொன்றின் நுனியோடு ஒட்டாது.

இவற்றை எண்ணுவது எளிதான காரியமன்று. சிறிது குருதியை எடுத்து, வெண்கலங்களை மூன்று நாளளவில் வளர்க்கவேண்டும். கலங்கள் பிரியத் தொடங்கும் தறுவாயிலே அவற்றை அப்படியே நிறுத்தவேண்டும். அவ்வாறு நிறுத்துவதற்குப் பயன்படும் மருந்து கொல்சிசின். நம் வேலிகளிலும் காட்டோரங்களிலும் தீக்கொழுந்து போலப் பூக்கும் காந்தளின் கிழங்கிலே உள்ள நஞ்சும் இதுவே. கலப் பிரிவைத் தடுப்பதால் உயிரைக் கொல்லும் அந்த நஞ்சே, ஆய்வுகூடத்திலே கலப் பிரிவை நிறுத்திக் காட்டி அறிவை வளர்க்கின்றது.

அதன் பின்னர் உப்புச் செறிவு குறைந்த நீரிலே கலங்களை இடுவர். நீரை உறிஞ்சிக் கலம் உப்பும். பின்னிக் கிடந்த நிறமூர்த்தங்கள் பிரிந்து விரியும். இந்த உபாயம் 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலே டி. சி. சூ என்ற சீன அறிஞரின் ஆய்வுகூடத்தில் தற்செயலாகக் கிடைத்தது. கரைசல் ஒன்றை யாரோ தவறான செறிவிலே கலந்துவிட்டார். அந்தத் தவறே நிறமூர்த்தங்களைத் தெளிவாகக் காட்டிற்று. அதற்கு முன்னர் மனிதனின் நிறமூர்த்தங்கள் 48 என்று 30 ஆண்டுகளுக்கு மேலாக நூல்கள் யாவும் எழுதி வந்தன. 1956இல், ஜாவாவிலே பிறந்த ஜோ ஹின் ஜியோவும் சுவீடன் நாட்டு ஆல்பர்ட் லேவனும் சரியான எண் 46 என்று நிறுவினர். தன் கலத்திலுள்ளதை எண்ணுவதற்கே மனிதன் இத்தனை காலம் தடுமாறினான் என்றால், எருமையின் குலம் அறியத் தாமதமானதில் வியப்பென்ன?

மாட்டுக்கு அறுபது, எருமைக்கு ஐம்பது

மாட்டின் நிறமூர்த்தங்கள் 60. ஆட்டினுடையவும் 60. செம்மறியினுடையவை 54. ஆற்றெருமைக்கு 50, சதுப்பெருமைக்கு 48. இவையெல்லாம் அசைபோடும் ஒரே பெருங்குடும்பத்தின் கிளைகள். அவற்றின் பரம்பரையலகுகள் பெரிதும் ஒத்தவை. எனின், எண் மட்டும் ஏன் இவ்வாறு வேறுபடுகின்றது? எருமை பத்து நிறமூர்த்தங்களை எங்கேயாவது இழந்துவிட்டதா?

இழக்கவில்லை, இணைத்துக்கொண்டது. மாட்டின் பால்நிர்ணய இணையை நீக்கினால் மீந்திருப்பவை 29 இணைகள். அவை யாவும் ஒரு புயமுடையவை. ஆற்றெருமையிலோ ஐந்து இணைகள் இரு புயமுடையவை. எஞ்சியவை ஒரு புயமுடையவை. பட்டைச் சாயமிட்டு ஒப்பு நோக்கியபோது, எருமையின் அந்த ஐந்து பெரிய இணைகளும் மாட்டின் பத்து இணைகள் இரண்டிரண்டாக முடிச்சோடு முடிச்சு சேர்ந்து உண்டானவற்றுக்கு ஒப்பானவை எனத் தெரிந்தது. மாட்டின் 1ஆவதும் 27ஆவதும் சேர்ந்தது எருமையின் முதலாவது. 2ஆவதும் 23ஆவதும் சேர்ந்தது இரண்டாவது. ஏனைய மூன்றும் இவ்வாறே. 29இலிருந்து ஐந்து குறைந்தால் 24, பால்நிர்ணய இணையைச் சேர்த்தால் 25 இணைகள், ஆக 50. புயங்களை எண்ணிப் பார்த்தால் மாட்டுக்கும் 58, எருமைக்கும் 58. கணக்கு ஒரு புள்ளி பிசகாமல் நேராகின்றது. செம்மறியும் அவ்வாறே மூன்று இணைவுகளால் ஆட்டின் 60ஐ 54 ஆக்கிக்கொண்டது.

முடிச்சோடு முடிச்சு சேரும் இவ்வகை இணைவுக்கு ரொபட்சோனிய இணைவு என்று பெயர். 1916ஆம் ஆண்டில் வெட்டுக்கிளிகளை ஆராய்ந்து இதனை விளக்கிய அமெரிக்கர் டபிள்யூ. ஆர். பி. ரொபட்சன் நினைவாக அப்பெயர் வழங்குகின்றது. இரண்டு நிறமூர்த்தங்கள் முடிச்சின் அருகே முறிகின்றன. முறிந்த இடங்கள் ஒட்டுகின்றன. உதிர்ந்து போகும் சிறு துண்டுகளிலே இன்றியமையாத பொருள் எதுவும் பெரும்பாலும் இல்லை. நூலகத்தில் இரண்டு தனி நூல்களை ஒரே அட்டையில் கட்டிவைப்பதைப் போன்றது இது. நூலின் தொகை குறைகின்றது. படிப்பதற்குள்ள பக்கங்கள் குறைவதில்லை.

சதுப்பெருமை இன்னும் ஒரு படி சென்றது. ஆற்றெருமையின் 4ஆவது நிறமூர்த்தத்தின் நுனியிலே 9ஆவது நிறமூர்த்தம் அதன் முடிச்சுப் பக்கமாக வந்து ஒட்டிக்கொண்டது. இது தொடரிணைவு எனப்படும். புகையிரதப் பெட்டியின் பின்னே பெட்டியைக் கோப்பதை ஒத்தது. 4ஆவது தானே இரண்டு பழைய நிறமூர்த்தங்கள் சேர்ந்ததாகையால், சதுப்பெருமையின் மிகப் பெரிய நிறமூர்த்தத்திலே மாட்டின் மூன்று நிறமூர்த்தங்கள் அடங்கியுள்ளன. ஒரு நிறமூர்த்தத்துக்கு இரண்டு கைப்பிடிகள் இயங்கினால், கலம் பிரியும்போது இரு திசையிலும் இழுபட்டு அது அறுந்துபோகும். ஆகவே இத்தகைய இணைவு நிலைத்திருக்க வேண்டுமாயின், ஒரு முடிச்சு வாளாவிருக்கவேண்டும் அல்லது மறைய வேண்டும்.

நாற்பத்தொன்பதின் இடர்

இந்த எண் வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தியன்று. உழவனின் தொழுவத்திலே அது வந்து நிற்கின்றது.

மலேசியாவிலும் பிலிப்பைன்சிலும் சதுப்பெருமையின் பாலைப் பெருக்கும் நோக்கத்தோடு முர்ராக் கடாக்களைத் தருவித்துக் கலப்பினம் உண்டாக்கினர். பிலிப்பைன்ஸ் அரசு 1992இல் சட்டமியற்றி இதற்கெனவே ஒரு நிலையத்தை நிறுவிற்று. தாயிடமிருந்து 24, தந்தையிடமிருந்து 25. எனவே கன்றுக்கு 49. கன்று திடமாகவே வளரும், பாலும் தரும். இடர் எழுவது அதன் இனப்பெருக்கக் கலங்கள் உருவாகும் வேளையிலே.

விந்தும் முட்டையும் உருவாகும் ஒடுக்கற்பிரிவிலே, ஒவ்வொரு நிறமூர்த்தமும் தன் துணையைத் தேடிப் பக்கத்திலே நின்று பின்னர் பிரியவேண்டும். 49 உடைய கலப்பெருமையிலே 23 இணைகள் தடையின்றிச் சேர்கின்றன. எஞ்சியவை மூன்று: சதுப்பெருமையின் நெடிய நிறமூர்த்தம் ஒன்று, ஆற்றெருமையின் 4ஆவது ஒன்று, 9ஆவது ஒன்று. நெடியதன் பக்கத்திலே குறியவை இரண்டும் வந்து ஒட்டி மூவர் கூட்டமாக நிற்கும். நெடியது ஒரு புறமும் குறியவை இரண்டும் மறுபுறமும் சென்றால் குறையில்லை. மாறிச் சென்றால், ஒரு கலத்துக்கு ஒரு பகுதி மிகும், மற்றொன்றுக்குக் குறையும். அவ்வாறான கலத்திலிருந்து உண்டாகும் கரு நிலைப்பதில்லை. உழவன் காண்பதெல்லாம் இவ்வளவே: பசு சினைப்படவில்லை, அல்லது சினை நிற்கவில்லை.

பொங்சோவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளரும் 1983இல் வெளியிட்ட மற்றோர் ஆய்விலே, இத்தகைய கலப்பெருமைக் கடாக்களின் விதைகளை நுணுகிப் பார்த்து, விந்தணு உருவாகும் படிகளில் கலங்கள் சிதைந்து போவதைக் காட்டினர். கலப்பினம் முற்றும் மலடன்று, அது ஈனும். ஈனும் திறமே சற்றுக் குன்றுகின்றது. கலப்பெருமை இரண்டைச் சேர்த்தால், கணக்குப்படி கன்றுகள் நான்கில் ஒன்றுக்கு 48, இரண்டுக்கு 49, ஒன்றுக்கு 50 என அமையும். ஒரு தலைமுறையிலே மறைந்த வேறுபாடு அடுத்த தலைமுறையிலே மீண்டும் தலைகாட்டுகிறது.

இங்கேதான் 1977இன் எண்ணிக்கை நமக்குப் பயன்படுகின்றது. இலங்கைக்கும் முர்ரா, சூர்த்தி, நீலி-ரவி எருமைகள் தருவிக்கப்பட்டன. நம் நாட்டெருமை உண்மையிலேயே சதுப்பெருமையாக இருந்திருந்தால், இந்தக் கலப்பிலே பிறக்கும் கன்றுகள் யாவும் 49இன் இடரைச் சுமந்திருக்கும். அது 50 உடையதாகையால் நிறமூர்த்த வகையிலே தடை ஏதுமில்லை. கொம்பைக் கண்டு செய்த முடிவையே நம்பியிருந்தோமாயின், இல்லாத ஒரு தடையை அஞ்சிக்கொண்டே இருந்திருப்போம்.

ஆறு நிறமூர்த்தங்களோடு ஒரு மான்

எருமையிலே ஓர் இணைவு. சில விலங்குகளிலோ இணைவுகள் வெள்ளமெனப் பாய்ந்தன. நம் நாட்டுக் காடுகளிலும் தென்னிந்தியக் காடுகளிலும் நாய் குரைப்பது போலக் கத்தும் ஒரு சிறு மான் உண்டு. கேளையாடு என்பர், குரைக்கும் மான் என்றும் சொல்வர். 1970ஆம் ஆண்டிலே டோரிஸ் வேர்ஸ்டரும் கேர்ட் பெனிர்ஷ்கேயும் இந்தியக் கேளையின் நிறமூர்த்தங்களை எண்ணி வெளியிட்டபோது அறிவுலகம் திகைத்தது. பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7. பாலூட்டிகள் யாவற்றிலும் மிகக் குறைந்த எண் இதுவே. அதன் நெருங்கிய உறவான சீனக் கேளைக்கோ 46. இரண்டையும் அருகருகே நிறுத்தினால் ஒரே சாயல். உள்ளே எண்ணினால் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு.

2020ஆம் ஆண்டிலே இவ்விரு மான்களின் முழு மரபுத் தொகுதியையும் வாசித்து ஒப்பிட்டனர். மான் குலத்தின் மூதாதைக்கு 35 இணைகள். இரு கேளைகளுக்கும் பொதுவான இணைவுகள் ஆறு. அதன் பின்னர் சீனக் கேளையின் வழியில் ஆறு. இந்தியக் கேளையின் வழியில் 26. 35இல் ஆறும் ஆறும் போனால் 23 இணைகள், அதாவது 46. 35இல் ஆறும் 26உம் போனால் மூன்றே இணைகள், அதாவது ஆறு. பரம்பரையலகுகளின் வரிசையோ இரண்டிலும் பெரிதும் மாறாமலே கிடக்கின்றது. ஆணுக்கு ஏழு எனும் புதிருக்கும் விடையுண்டு: இந்தியக் கேளையிலே எக்ஸ் நிறமூர்த்தம் வேறொரு நிறமூர்த்தத்தோடு ஒட்டிவிட்டது. ஆணிலே அந்த வேறொன்றின் துணை தனித்து நிற்கின்றது. அதனோடு வை ஒன்றும் சேர, எண் ஏழாகின்றது.

ஆனால் இவ்விரு மான்களும் கலந்தால் பிறக்கும் குட்டி மலடு. ஓரிரு இணைவுகளின் வேறுபாட்டை உடல் தாங்கிக்கொள்ளும். பல இணைவுகள் சேர்ந்தால் வேலி எழும்பிவிடும். குதிரைக் குலமும் இதற்குச் சான்று. வீட்டுக் குதிரைக்கு 64, மங்கோலியக் காட்டுக் குதிரைக்கு 66. ஓர் இணைவே வேறுபாடாகையால் 65 உடைய கலப்புக் குட்டி ஈனுகின்றது. கழுதைக்கு 62, அங்கே எண்ணோடு அமைப்பும் பலவாறு மாறியிருப்பதால், 63 உடைய கோவேறு கழுதை வழி விடாமல் மடிகின்றது.

இடர் தரும் இணைவு பரவுவது எங்ஙனம்?

இங்கே ஓர் ஐயம் எழும். முதன்முதல் இணைவு தோன்றிய விலங்கு, ஈனும் திறன் குன்றிய விலங்கல்லவா? அதன் வழி அற்றுப் போகாமல் ஓர் இனம் முழுவதிலும் பரவியது எவ்வாறு?

முதலாவது விடை, தனித்துக் கிடக்கும் சிறு கூட்டங்கள். பெருங்கூட்டத்திலே அரிதாக உள்ள மாற்றம் அழிந்துபோகும். சிறு கூட்டத்திலோ தற்செயலாகவே அது பொதுவாகிவிடலாம். அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள மதீராத் தீவுக்கு 15ஆம் நூற்றாண்டிலே மனிதர் குடியேறினர். கப்பலோடு சுண்டெலிகளும் வந்தன. சுண்டெலிக்கு வழக்கமான எண் 40. மதீராவின் செங்குத்தான மலைகளுக்கிடையே பிரிந்து வாழ்ந்த எலிகளிலோ 22 முதல் 28 வரை எண்ணுடைய ஆறு வேறு குலங்கள் இருப்பதை 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. பரிணாமத்துக்கு ஊழிகள் வேண்டுமென்பர். இங்கே சில நூறு ஆண்டுகளே போதியவாயின.

இரண்டாவது விடை இன்னும் நுட்பமானது. பெண்ணின் ஒடுக்கற்பிரிவிலே உருவாகும் கலங்களுள் ஒன்றே முட்டையாகும், மற்றவை வீணாகும். முட்டையின் பக்கம் செல்லும் நிறமூர்த்தத்துக்கே எதிர்காலம் உண்டு. கைப்பிடியின் வலிமையைப் பொறுத்து, சில குலங்களில் இணைந்த நிறமூர்த்தம் முட்டைப் பக்கம் சாயும். வேறு சிலவற்றில் இணையாதவை சாயும். சம வாய்ப்பு என்ற நியதியிலே ஏற்படும் இச்சிறு சாய்வு தலைமுறை தலைமுறையாகத் திரண்டு, ஒரு குலத்தின் நிறமூர்த்தக் கோலத்தையே மாற்றிவிடும். மாட்டுக்கு எல்லாம் ஒற்றைப் புயமாக இருக்க, வேறு விலங்குகளில் எல்லாம் இரட்டைப் புயமாக இருப்பதற்கு இது ஒரு காரணமென்பர்.

இவ்வளவு காலமும் இயற்கை செய்ததை இன்று மனிதனும் செய்து பார்க்கின்றான். 2022இல் சீன ஆய்வாளர் சுண்டெலியின் 4ஆவதையும் 5ஆவதையும் ஆய்வுகூடத்திலே ஒட்டி, அந்த இணைவோடு வாழும் எலிகளை உண்டாக்கினர். அவை ஈன்றன, ஆயினும் ஈனும் திறன் குறைந்திருந்தது. 1ஆவதையும் 2ஆவதையும் ஒட்டிய முயற்சி இடர்ப்பட்டது. எதனோடு எது சேரலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

மனிதனுக்கு விலக்கில்லை

சிம்பன்சி முதலிய பெருங்குரங்குகளின் நிறமூர்த்தங்கள் 48, மனிதனுக்கு 46. நம்முடைய 2ஆவது நிறமூர்த்தத்தின் நடுவே, நுனிகளுக்கு மட்டுமே உரிய டீலோமியர் வரிசை தலையோடு தலை முட்டிக் கிடப்பதை 1991இல் கண்டனர். வேலை இழந்த பழைய முடிச்சொன்றின் எச்சமும் அதில் உண்டு. இரண்டு நிறமூர்த்தங்கள் ஒன்றான வடு அது. நம் ஒவ்வொருவர் கலத்திலும் இன்றும் கிடக்கின்றது.

அதுமட்டுமன்று. மனிதரில் ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒருவர் ரொபட்சோனிய இணைவொன்றைச் சுமந்து 45 நிறமூர்த்தங்களோடு வாழ்கின்றனர். அவர்கள் நலமாகவே இருப்பர். தம்முள் இருப்பதை அறியவும் மாட்டார். பிள்ளைப்பேற்றின்போதே அது வெளிப்படும். சிலருக்குக் கரு மீண்டும் மீண்டும் கலையும். 21ஆவது நிறமூர்த்தம் அவ்விணைவிலே சேர்ந்திருப்பின், டவுன் நிலையுள்ள குழந்தை பிறக்கவும் கூடும்.

நம் ஊர்களிலே கரு கலைந்தால் முதலிற் குற்றவாளியாவது யார்? பெண்தான். அவளுடைய நடை, உணவு, நேரம், சாபம் என்று காரணங்கள் அடுக்கப்படும். இணைவு கணவனிடமும் இருக்கலாம், மனைவியிடமும் இருக்கலாம். இருவரிடமும் இல்லாமலும் இருக்கலாம். குருதியைச் சோதித்து எண்ணினாலன்றி எவரும் அறிய இயலாது. எவரிடம் இருப்பினும் அது அவர் செய்த பிழையுமன்று. கொம்பைப் பார்த்து எருமையின் குலத்தைத் தவறாகச் சொன்னோம். முகத்தைப் பார்த்து ஒரு பெண்ணை மலடி என்று சொல்வதும் அதைவிடக் கொடிய தவறு. எருமை வசையைத் தாங்கிக்கொள்ளும். மனிதர் தாங்க மாட்டார்.

எஞ்சி நிற்பது

நாட்டெருமைக்கும் இந்திய எருமைக்கும் நிறமூர்த்தத் தடை இல்லை என்பது உழவனுக்கு நற்செய்தி. அதே செய்தி நாட்டெருமைக்கு ஆபத்துமாகும். தடை இல்லாத இடத்திலே கலப்பு விரைந்து பரவும். சதுப்பெருமை நாடுகளிலே, கலப்பின் சுவட்டை எண்ணே காட்டிக்கொடுக்கும். 49 கண்டால் கலப்பென்று அறியலாம். நம் நாட்டிலோ கலந்ததும் 50, கலவாததும் 50. எண் நமக்கு எச்சரிக்கை தராது. வெயிலையும் உண்ணியையும் தாங்கி, காய்ந்த புல்லை உண்டு, குளத்து நீரிலே இளைப்பாறி இந்த மண்ணோடு ஒத்துப்போன ஒரு குலம், எவரும் அறியாமலே கரைந்துபோகக் கூடும்.

ஆகவே செய்யவேண்டியது ஒன்றுண்டு. கலவாத பட்டிகள் எங்கெங்கே எஞ்சியுள்ளன என்று பதிந்து வைத்தல் வேண்டும். குறிசுட்ட வழக்கம் ஒரு காலத்தில் உடைமையைக் காட்டிற்று. இன்று வழிமுறையைக் காட்டும் ஏடு வேண்டும். ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், சம்மாந்துறையிலே அதன் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. நம் பாடசாலைகளிலே உயர்தர வகுப்பு மாணவர் ஒடுக்கற்பிரிவைப் படமாக வரைந்து புள்ளி பெறுகின்றனர். அப்படத்துக்கு உதாரணமாக வெட்டுக்கிளியைச் சொல்லும் ஆசிரியர், இறக்காமத்துக் குளக்கரையிலே மேயும் பட்டியையும் சொல்வாராக. அந்த விலங்கின் ஒவ்வொரு கலத்திலும் 25 இணைகள் உள்ளன. அவற்றுள் ஐந்து, பத்து பழைய இணைகள் சேர்ந்தவை. பிறிதொரு நாட்டு எருமையிலே நடந்த ஆறாவது சேர்க்கை இதிலே நடக்கவில்லை. இவ்வளவையும் ஒரு மாணவன் தன் ஊர் எருமையைக் கொண்டு கற்பானாயின், பாடமும் மனத்தில் நிற்கும். எருமைக்கும் ஊரிலே சிறிது மதிப்பு மீளும்.